ஒரு டீ கப் சேற்றுக்குள் ஒரு காடு! தெரியுமா?

ஒரு டீ கப் எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தோரச் சேற்றில் மூன்று கரண்டி அள்ளிப் போடுங்கள். அதற்குள் எத்தனை செடி ஒளிந்திருக்கும்? பத்து? இருபது? கொஞ்சம் தாராளமாக ஐம்பது?

537! ஆமாம், ஐந்நூற்று முப்பத்தேழு!

எண்ணிச் சொன்னவர் யார் தெரியுமா? சாட்சாத் சார்லஸ் டார்வின். ஒரு பிப்ரவரி மாதம், சின்னக் குளம் ஒன்றின் ஓரத்தில், தண்ணீருக்கு அடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேறு எடுத்தார். காய்ந்த பிறகு அதன் எடை 200 கிராம்கூட இல்லை. தன் படிப்பறையிலேயே மூடி வைத்து, முளைக்க முளைக்க ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு மாதம்! நீர்ப்பறவையின் காலில் ஒட்டிய சேறு ஒரு குளத்துச் செடியை எங்கோ இருக்கும் இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. கௌதாரி ஒன்றின் காலில் ஒட்டியிருந்த மண்ணுருண்டை மூன்று வருடம் காய்ந்து கிடந்தது. அதை உடைத்து நனைத்து வைத்தார். 82 செடிகள் எட்டிப் பார்த்தன!

இந்தச் சேற்றுச் சோதனையைச் செய்ய ஒரு தேங்காய்ச் சிரட்டை போதாதா? ஏரி வற்றும் பங்குனி, சித்திரையில் கரையோரச் சேறு ஒரு சிரட்டை, நடு ஏரிச் சேறு ஒரு சிரட்டை. வகுப்பு ஜன்னலில் வைத்து, தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, முளைத்ததைப் பிடுங்கிப் பிடுங்கிக் கணக்கெழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டார்வினோடு போட்டி போடலாம். கரை ஜெயிக்குமா, நடு ஏரி ஜெயிக்குமா? பந்தயம் கட்டிவிட்டே ஆரம்பிக்கலாம்.

பள்ளி ஆய்வகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு பூட்டிய பீரோதான். உள்ளே மைக்ரோஸ்கோப் இருக்கும், சாவி இருக்காது. சாவி இருக்கும் நாளில் ஆசிரியர் லீவு. கவலையை விடுங்கள். இங்கே வரப்போகும் எந்த அதிசயத்துக்கும் பீரோ சாவி தேவையில்லை!

நான்கு குச்சி, கொஞ்சம் சணல் கயிறு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டுங்கள். இதற்குள் என்னென்ன முளைத்திருக்கிறது, எது எத்தனை என்று எண்ணுவதுதான் சூழலியலின் அரிச்சுவடி. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் 1898-ல் அமெரிக்கப் புல்வெளியில் இப்படிச் சதுரம் போட்டு எண்ணும் முறையைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் யார் தெரியுமா? ராஸ்கோ பவுண்ட். பின்னாளில் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராக இருபது வருடம் கோலோச்சிய அதே பவுண்ட்! புல்லை எண்ணியவர் வக்கீல்களுக்கு வாத்தியாரானார்.

சதுரத்தை எங்கே போடுவது என்பதில்தான் வேடிக்கை. பிள்ளைகளிடம் விட்டால் நிழலில் போடுவார்கள், பூ இருக்கும் இடத்தில் போடுவார்கள், நெருஞ்சி இருந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். அதனால் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு கல்லை எறிந்து, விழுந்த இடத்தில் போடச் சொல்ல வேண்டும். (பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு!) நடைபாதை ஓரத்தில் ஒரு சதுரம், வேலியோரம் ஒரு சதுரம். மிதிபடும் இடத்தில் அருகம்புல்லும் கோரையும்தான் தாக்குப்பிடிக்கும். வேலியோரத்தில் குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, நாயுருவி என்று ஒரு நாட்டு மருந்துக் கடையே விரியும். பெயர் தெரியாத செடியைப் பாட்டியிடம் காட்டிக் கேட்டு வரச் சொன்னால், மறுநாள் பெயரோடு வைத்தியமும் சேர்ந்து வரும்.

டார்வின் இதிலும் கைவைத்திருக்கிறார். மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, முளைத்த ஒவ்வொரு களைக்கும் அடையாளம் வைத்தார். முளைத்தவை 357. அவற்றில் 295 அழிந்தே போயின, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் செய்த வேலை! நாம் சும்மா நடந்துபோகும் புல்தரையில் தினம் தினம் எப்பேர்ப்பட்ட போர்!

போர் என்றதும் எறும்பு. உலகத்தில் மொத்தம் எத்தனை எறும்பு இருக்கும்? 2022-ல் ஒரு ஆய்வுக் குழு, உலகெங்கும் நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து ஒரு மதிப்பீடு சொன்னது. இருநூறு கோடி கோடி! தலைக்கு 25 லட்சம் எறும்பு. உங்கள் பங்கு 25 லட்சம், என் பங்கு 25 லட்சம்.

மதிய உணவு மணிக்குப் பிறகு வராந்தாவில் ஐந்து காகிதத் துண்டுகளை வையுங்கள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு, ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் சத்துணவு முட்டையின் மஞ்சள் கரு, ஒன்றில் வெறும் தண்ணீர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரைதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்! கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக எறும்புகளுக்கு உப்பு ஆசை கூடுகிறது என்று 2008-ல் அமெரிக்கக் கண்டங்களில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. கடலோரத்தில் காற்றும் மழையுமே உப்பைக் கொண்டுவந்து கொட்டிவிடுகின்றன. உள்நாட்டில் உப்புக்குப் பஞ்சம். அப்படியென்றால் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியும் தருமபுரியில் ஒரு பள்ளியும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே உப்புத் தண்ணீரோடு உட்கார்ந்தால்? யாராவது செய்து பாருங்களேன்! எனக்கு இதை நினைத்தாலே கை பரபரக்கிறது.

எறும்புச் சாரையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்காதவர் உண்டா? வாசனைத் தடம் அழிந்ததும் முன்னே வந்தவை திகைத்து நிற்கும், பின்னே வந்தவை மோதும், ஒரு டிராஃபிக் ஜாம். ஆனால் சகாரா பாலைவனத்து எறும்பு ஒன்று வாசனைத் தடத்தை நம்புவதே இல்லை. கொதிக்கும் மணலில் வாசனை எங்கே நிற்கும்? அது வீடு திரும்புவது எப்படி தெரியுமா? காலடியைக் கணக்கு வைத்து! 2006-ல் விஞ்ஞானிகள் அந்த எறும்பின் கால்களில் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். எறும்புக்குப் பொய்க்கால்! புற்றிலிருந்து இரை வரைக்கும் சாதாரணக் காலில் வந்த எறும்பு, திரும்பும்போது பொய்க்காலில் நடந்து புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது. கால் குட்டையாக்கப்பட்ட எறும்போ புற்றுக்கு முன்பே நின்று தேடியது. அடி எண்ணிக்கை சரிதான், அடியின் நீளம்தான் மாறிவிட்டது. எறும்புக் கால் முடிபோல் மெலிசு. அதில் பொய்க்கால் ஒட்டியவரின் பொறுமைக்கே தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம்.

நம்மூர் மாமரத்து முசுறு மட்டும் சளைத்ததா? இலைகளை இழுத்துப் பிடித்துக் கூடு தைக்கிறதே, பசைக்கு என்ன செய்கிறது? தன் இனத்துக் குழந்தைப் புழுவை வாயில் கவ்வி எடுத்துவந்து, பசை டியூபைப்போல அந்த விளிம்புக்கும் இந்த விளிம்புக்கும் மாற்றி மாற்றித் தொட்டு, அதன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டுகிறது. வளர்ந்த முசுறால் பட்டு நூற்க முடியாது. அதனால் குழந்தைதான் தறி! இந்தப் பாடத்தைத் தள்ளி நின்று கற்பது உத்தமம். கடி வாங்கியவர்களுக்குக் காரணம் தெரியும்.

எறும்பு விழும் குழியைப் பார்த்திருப்பீர்கள். மழை படாத திண்ணையோரப் புழுதியில், புனல்போலச் சின்னச் சின்னக் குழிகள். அடியில் குழியானை! அது பின்பக்கமாகவே நடக்கும், சுற்றிச் சுற்றி வந்து குழி பறிக்கும். ஒரு டம்ளரில் சலித்த மணல் போட்டு இதை விட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து பாருங்கள், குழி தயார். குழியின் சரிவு எவ்வளவு என்று கோணமானியால் அளக்கலாம். மணல் எந்தச் சரிவுக்கு மேல் நிற்காமல் உருளுமோ, கிட்டத்தட்ட அந்த விளிம்பில் கட்டியிருக்கும். எறும்பு கால் வைத்தால் வழுக்கும், ஏற முயன்றால் கீழேயிருந்து குழியானை தலையாலேயே மணலை வாரி அடிக்கும். பொடி மணலில் ஒரு டம்ளர், பெருமணலில் ஒரு டம்ளர் வைத்தால் இரண்டு குழியும் ஒரே சரிவாக இருக்குமா? அளந்துதான் பார்க்க வேண்டும். இன்னொரு செய்தி, வகுப்பில் சொன்னால் கூரை பறக்கும். இந்தக் குழியானைப் புழு வளரும் காலம் முழுக்க மலம் கழிப்பதே இல்லை! குடலின் மறுமுனை அடைத்தே கிடக்கிறது. சேர்த்துவைத்த அத்தனையும் சிறகு முளைத்து வெளியே வந்த பிறகுதான் வெளியேறும். அந்தச் சிறகுப் பூச்சி பார்ப்பதற்குத் தட்டான்மாதிரியே இருக்கும், புழுதிக்குள் கிடந்த குட்டி அரக்கனின் சாயலே இருக்காது.

கரையானுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றால் நம்புவீர்களா? சரி, படிக்கத் தெரியாது, கோட்டைப் பிடித்துப் போகத் தெரியும். வெள்ளைத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, இரண்டு மூன்று வேலைக்காரக் கரையான்களை விடுங்கள். பேனா சரியான பேனாவாக அமைந்தால், ரயில் தண்டவாளத்தில் போவதுபோல வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வரும்! சில மைகளில் கலந்திருக்கும் ஒரு வேதிப்பொருளும், கரையான் தன் கூட்டத்துக்குப் போட்டுவைக்கும் தடத்தின் வாசனையும் அதன் மூக்குக்கு ஒன்றுபோலப் படுவதுதான் காரணம். எல்லாப் பேனாவும் வேலை செய்யாது. அதுதான் நல்லது! ஏன் என்றால் அங்கேதான் பிள்ளைகளுக்குச் சந்தேகம் முளைக்கும். நிறத்தைப் பார்த்துப் போகிறதா, பேனா கீறிய பள்ளத்தில் போகிறதா, வாசனையா? அப்போது பென்சில் கோடு ஒன்று, ஜெல் பேனா கோடு ஒன்று, மை தீர்ந்த ரீஃபிலால் வெறும் கீறல் ஒன்று என்று அவர்களே அடுக்க ஆரம்பிப்பார்கள். ஒப்பீட்டுச் சோதனை என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்தேன். ஒரு கரையான் வந்து சொல்லிக்கொடுத்திருந்தால் மறுநாளே புரிந்திருக்கும்.

மழைக்காலத்தில் பள்ளிச் சுவரோரம் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்குமே, அந்தப் பட்டாசுக் காய்ச் செடி! காய்ந்த காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து, "டப்" என்று வெடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துப் பையன் காலரில் போட்டு அடி வாங்கியது? இதன் நெருங்கிய சொந்தக்காரச் செடி ஒன்றை 2018-ல் அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். வெடித்துப் பறக்கும் விதை தட்டுப்போலச் சுழன்றுகொண்டே போகிறது. எவ்வளவு வேகம்? வினாடிக்கு 1,600 சுற்றுக்கும் மேல்! உங்கள் தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன் வினாடிக்கு ஆறேழு சுற்று தேறினால் அதிகம். அந்தச் சுழற்சிதான் விதையைத் தள்ளாடாமல் நிமிர்த்திப் பிடித்து, காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுந்தூரம் போக வைக்கிறது. வராந்தாவில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு, நடுவில் நனைத்த காயை வைத்து, எது எவ்வளவு தூரம் விழுந்தது என்று டேப்பால் அளந்தால் ஒரு பீரியட் போனதே தெரியாது.

கூடவே ஒரு பழைய காலுறை. ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு மைதானத்துப் புதரில் ஒரு சுற்று நடந்துவிட்டு, ஒட்டியதை எடுக்காமல் காலுறையையே மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். காலுறை முளைக்கும்! பத்து நாளில் அதன்மேல் ஒரு தோட்டம்.

சாயங்காலம் புளியமரம் தூங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பிக்கொள்ளும். இதை முதலில் குறித்துவைத்த மனிதர் யார் தெரியுமா? பேரரசன் அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதிகளில் ஒருவரான ஆண்ட்ரோஸ்தெனிஸ்! கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய பஹ்ரைன் தீவில், இரவில் இலை மூடிப் பகலில் விரிக்கும் ஒரு மரத்தைப் பற்றி எழுதினார். அது புளியமரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் முடிவு.

வெயில் போனதால் மூடுகிறது, இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 1729-ல் பிரெஞ்சு வானியலாளர் மேரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றைத் தூக்கி இருட்டறைக்குள் வைத்தார். வெளிச்சமே இல்லை. ஆனாலும் காலை வந்ததும் இலை விரிந்தது, மாலை வந்ததும் மூடியது! செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது! இதெல்லாம் சின்ன விஷயம் என்று மேரான் தானாக வெளியிடாமல் இருந்துவிட, நண்பர் ஒருவர்தான் அறிவியல் கழகத்துக்கு எடுத்துச் சொன்னார். அந்தச் சின்ன விஷயம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? உயிர்க் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களின் உடலில் கண்டுபிடித்த மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு! வாழைப்பழத் தோலில் மொய்க்கிறதே, அந்த ஈதான்.

தொட்டாற்சிணுங்கித் தொட்டி ஒன்றின் மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணிக்கு ஒரு மாணவர் ஓர் ஓட்டை வழியே எட்டிப் பார்த்துக் குறித்தால் மேரானின் சோதனை நம் வகுப்பில். டார்ச் அடித்துப் பார்த்தால் சோதனை கெட்டது, ஜாக்கிரதை! போகிற போக்கில் புளியமரத்துப் பேயையும் பேசிவிடலாம். இரவில் மரம் கரியமில வாயு விடுவதால் அடியில் படுத்தவருக்கு மூச்சு முட்டும், அதைத்தான் முன்னோர் பேய் என்றார்கள் என்று ஓர் "அறிவியல் விளக்கம்" சுற்றிக்கொண்டிருக்கிறது. திறந்தவெளியில் அந்தக் காற்று உங்களுக்காக நின்றுகொண்டா இருக்கும்? மரத்தைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சுதான் கிட்டே! என்னைக் கேட்டால், பேய்க்கதையே இதைவிட நேர்மையானது.

"அத்தி பூத்தாற்போல" என்கிறோம். எப்போதாவது நடப்பதற்குச் சொல்கிற சொல். ஆனால் அத்தி சும்மா இருப்பதே இல்லை, பூத்துக்கொண்டேதான் இருக்கிறது! நாம் காய் என்று நினைக்கிற அந்த உருண்டைக்குள் நூற்றுக்கணக்கான பூக்கள் உள்முகமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. குறுக்கே வெட்டினால் தெரியும். வீட்டுக்குள் பூத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் மகரந்தத்தை யார் கொண்டுவருவது? அங்கேதான் இரண்டு மில்லிமீட்டர் குளவி வருகிறது. காயின் நுனியில் உள்ள பொடி வாசல் வழியே, இறக்கை பிய்ந்து விழ விழ, திணித்துக்கொண்டு நுழைகிறது பெண் குளவி. கொண்டுவந்த மகரந்தத்தைச் சேர்க்கும், சில பூக்களில் முட்டையிடும், உள்ளேயே செத்துப்போகும். பிறகு முதலில் பிறப்பவை ஆண்கள். இறக்கையே கிடையாது. பெண்களோடு சேர்ந்துவிட்டு, அவர்கள் வெளியே போக வழி குடைந்து கொடுத்துவிட்டு மடிந்துவிடும். பெண்கள் அந்த வழியாக மகரந்தம் சுமந்து அடுத்த மரத்துக்குப் பறக்கும். "அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்று முகம் சுளித்துச் சொன்ன அதே ஊர்தான் அத்தி பூக்காது என்றும் சொன்னது. அந்தப் புழுவில்தான் பூவின் ரகசியம் முழுக்க இருந்தது!

ஆலும் அரசும் அத்தியின் பங்காளிகள்தான். மரத்தடியில் விழப்போகும் பருவத்துக் காய்கள் நாலைந்தைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். பாட்டில் சுவரில் கரும்புள்ளிகள் நடமாடும். பெரும்பாலும் ஒவ்வொரு வகை மரத்துக்கும் தனித்தனிக் குளவி. அரசமரத்துக் குளவியை ஆலமரம் சேர்க்காது.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் கிடந்தால் துடைத்துப் போடாதீர்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள், எச்சம் இலை தின்னும்! பட்டாம்பூச்சிப் புழுவின் வேஷம் அது. யார்தான் எச்சத்தைத் தின்ன வருவார்கள்? கொஞ்சம் வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துப் பச்சைச் சட்டை போட்டுக்கொள்ளும். சீண்டினால் கழுத்திலிருந்து செக்கச்சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் அடிக்கும். அட்டைப் பெட்டிக்கு மேல் கொசுவலை கட்டி, தினமும் புதுக் கொத்து கறிவேப்பிலை வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வகுப்பிலேயே சிறகு விரியும். பெண் பிறந்தால் அதிலும் ஒரு நாடகம். இந்த இனத்தில் பல பெண்கள், ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்ந்து நஞ்சேறிய வேறொரு பட்டாம்பூச்சியின் சிவப்புப் பொட்டுகளை அச்சு அசலாகக் காப்பி அடித்திருக்கும். நஞ்சில்லாமலே நஞ்சுள்ளவள் வேஷம்! வேறொரு விந்தை. அந்துப்பூச்சி ஒன்றைப் புழுவாக இருந்தபோது ஒரு வாசனையோடு லேசான மின்அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினால், கூட்டுக்குள் உருமாறி வெளியே வந்த பிறகும் அந்த வாசனையைக் கண்டு ஒதுங்குகிறது என்று 2008-ல் ஒரு சோதனை காட்டியது. உடலின் பெரும்பகுதி கரைந்து புதிதாகக் கட்டப்பட்ட பிறகும் பழைய பயம் மிச்சம்!

மிளகு ஏன் காரமாக இருக்கிறது? நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக்குக்கு இந்தச் சந்தேகம். மிளகில் கண்ணுக்குத் தெரியாத முள் இருந்து நாக்கைக் குத்துகிறதோ? 1676-ல், கிழக்கிலிருந்து கப்பலேறிப் போன மிளகை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுத் தன் கையால் செய்த லென்ஸில் பார்த்தார். முள் இல்லை. முண்டியடித்து நீந்தும் உயிர்கள்! அவற்றுள் பாக்டீரியாவும் இருந்தது. மனிதன் பாக்டீரியாவைக் கண்ட கதையில் நம் ரசத்துச் சாமான்தான் கதாநாயகன்! மிளகோ வைக்கோலோ ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால் நமக்கும் அந்தக் காட்சி. பீரோவைத் திறக்கச் சொல்லவில்லை. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்யும் மனு பிரகாஷ் குழுவினர் காகிதத்தை மடித்தே செய்யும் மைக்ரோஸ்கோப்பை உருவாக்கிவிட்டார்கள். ஃபோல்டுஸ்கோப் என்று பெயர். சட்டைப்பையில் மடங்கும்! சுவரில் படர்ந்த பாசியை நனைத்துப் பிழிந்து அதில் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், எட்டுக் கால் நீர்க்கரடி தென்படும். 2007-ல் விண்வெளியில் காற்றில்லாத வெட்டவெளியில் விட்டுத் திரும்பக் கொண்டுவந்தும் பிழைத்த ஜீவன், உங்கள் பள்ளிக் கழிவறைச் சுவரிலேயே குடியிருக்கலாம்.

மண்புழுவுக்குக் காது கேட்குமா? டார்வின் வீட்டில் இதற்கென்று கச்சேரியே நடந்தது. மனைவி பியானோ வாசித்தார், மகன் பசூன் என்ற பெரிய ஊதுகருவியை ஊதினார், விசில் அடித்தார்கள், கத்தினார்கள். புழுக்கள் அசையவே இல்லை. ஆனால் புழுத் தொட்டியைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் விருட்டென்று வளைக்குள் ஓடிவிட்டன! ஒலி கேட்காது, அதிர்வு தெரியும். பியானோவுக்கு எங்கே போவது? தொட்டியை டெஸ்க் மேல் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்காரர்களிடம் தாளம் போடச் சொன்னால் போதாதா! இந்தக் கச்சேரிக் கதையெல்லாம் சேர்ந்த மண்புழுப் புத்தகம் 1881-ல் வந்தது, டார்வினின் கடைசிப் புத்தகம் அது. மறு வருடம் இறந்துபோனார்.

"தும்பி பறந்தால் தூரத்தில் மழை" என்று ஊரில் சொல்வார்கள். புரட்டாசி, ஐப்பசியில் பள்ளி மைதானத்துக்கு மேலே கூட்டம் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான்களைப் பாருங்கள். அரை கிராம்கூடத் தேறாத உடம்பு. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் இவை திடீரென்று லட்சக்கணக்கில் வந்து இறங்குவதைப் பார்த்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரே குழப்பம். தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். மாலத்தீவில் குளம் குட்டையே அபூர்வம். அப்படியானால் இவை எங்கிருந்து? வருடக்கணக்கில் குறிப்பெடுத்து 2009-ல் அவர் சொன்ன பதில் உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. இந்தியாவிலிருந்து! மாலத்தீவு வெறும் இடைவழிதான், அங்கிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு! பருவக்காற்றின் முதுகில் ஏறி, மழை போகும் இடமெல்லாம் கூடவே போய், அங்கங்கே மழைக் குட்டையில் முட்டையிட்டு, பேரன் பேத்திகள் காலத்தில் திரும்பி வருகின்றன. தூரத்து மழைக்கும் தும்பிக்கும் முடிச்சுப் போட்ட பழமொழிக்கு ஒரு சபாஷ்!

அதற்காகப் பழமொழியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, தட்டான் பறந்த நாளுக்கு ஒரு புள்ளி, மழை பெய்த நாளுக்கு ஒரு வட்டம். பறக்காமலே மழை பெய்த நாளையும் மறக்காமல் குறிக்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவோம். மழைக் குட்டையில் தட்டான் புழு கிடைத்தால் வெள்ளைத் தட்டில் விட்டு, அதன் பின்னால் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். சர்ரென்று பாயும், பின்னாலிருந்து நீலப் பீச்சல்! ஆசனவாய் வழியே தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட்டாகப் போகிறது. வகுப்பில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

கடைசியாக ஒரு பாட்டில் கதை. 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 20 பாட்டில்களில் மணலோடு 21 வகைக் களை விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்தார். விதை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு பாட்டில் எடுப்பது என்று திட்டம். அவர் போனார், அடுத்தவர் வந்தார், இடைவெளி பத்து வருடமாகி, பிறகு இருபதாகியது. 2021 ஏப்ரலில் ஒரு பாட்டிலைத் தோண்டினார்கள். எப்போது தெரியுமா? விடிவதற்கு முன், இருட்டில், திருடர்கள்போல டார்ச்சோடு! வெயில் பட்டால் பாட்டில் விதைகள் விழித்துக்கொள்ளும் என்று. 142 வருடம் தூங்கிய விதை முளைத்தது! அடுத்த பாட்டில் 2040-ல். கடைசிப் பாட்டில் 2100-ல். எடுக்கப்போகிறவர் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்.

ஒரு பள்ளிக்கூடம் இதைச் செய்ய என்ன தடை? பத்துப் பாட்டில், மணல், மைதானத்துக் களை விதைகள். ஆறாம் வகுப்பில் புதைத்தால் பத்தாம் வகுப்பில் முதல் பாட்டில். அடுத்ததை அவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போது எடுக்கலாம். புங்கமரத்திலிருந்து கொடிக்கம்பம் நோக்கி எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று ஒரு வரைபடம் போட்டு, யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக வைக்க வேண்டும். அதற்குத்தான் இருக்கிறதே, அந்தப் பீரோ!